கல்லறையில் யார் கணக்கு?

கேள்வி: கொல்கத்தா பார்க் தெரு கல்லறைத் தோட்டத்தில் கிடப்பவர்கள் நம்மை ஆண்ட வெள்ளைக்காரர்கள்தானே? அதற்கு எதற்குப் பராமரிப்புச் செலவு?

பதில்: எல்லோரையும் ஒரே பற்றுவரவில் எழுதிவிட முடியாது. 1767இல் தொடங்கிய அந்தத் தோட்டத்தில் இருக்கும் ஆசிரியர் டெரோசியோ, கல்கத்தாவிலேயே பிறந்து, இந்தியாவைத் தாய்நாடாகப் பாடியவர். இந்துக் கல்லூரி மாணவர்களை எதையும் கேள்வி கேட்கப் பழக்கியதால் 1831இல் வேலையை இழந்தார். அதே ஆண்டு 22 வயதில் காலராவுக்குப் பலியானார். உங்கள் கேள்வியை அவர் நிச்சயம் ரசித்திருப்பார்! கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி சார்லஸ் ஸ்டூவர்ட்டின் சமாதியோ இந்துக் கோயில் வடிவில் நிற்கிறது. “அங்கே கிடக்கும் வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலேய நீதிபதிதானே?” என்பீர்கள். உண்மை. ஆனால் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் ஒரே மூலம் இருக்கவேண்டும் என்று 1786இல் சொன்னவரும் அவர்தான். ஆட்சியின் கொடுமையைப் பேசவும் சாட்சிகள் வேண்டும். சமாதிகளை இடிந்துபோக விட்டால் டெரோசியோவையும் சேர்த்தே இழப்போம்.