கள்ளனுக்கும் பில் உண்டு

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள மச்சானுக்கு,

பட்டியிலை நிண்ட நாம்பன் களவு போன கதையை நீ வைபரிலை சொன்னதிலையிருந்து, இஞ்சத்தைக் களவுகளைப் பற்றி எழுதவேணும் எண்டு கை துறுதுறுக்குது. நான் நிக்கிறது சாப்பாட்டுச் சாமான் கடையிலை எல்லோ. ஊரிலை, கரடிப்போக்குச் சந்தியிலை கடைக்குள்ளை கள்ளன் பிடிபட்டால் முதலிலை அடி, பிறகுதான் பொலிஸ். இஞ்சை முதலிலை பில்!

பகிடி இல்லை. போன கிழமை ஒருத்தன் ஜக்கெற்றுக்குள்ளை நாலு பாக்கெற் மாட்டிறைச்சியும் ஒரு சீஸ் கட்டியும் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டினான். செக்கியூரிற்றி ஆளைக் கூட்டிவந்து கதிரையிலை இருத்த, மனேச்சர் சாமானை என்னட்டைத் தந்து ஸ்கான் பண்ணச் சொன்னார். ஒரு பாக்கெற்றுக்கு நான் முழு விலை அடிச்சிட்டன். "அது அரைவிலை, ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கு" எண்டு கள்ளனே திருத்தினான். காசு கட்டாத அந்தப் பில்தான் சாட்சி.

ஏனெண்டால் இஞ்சை களவின்ரை கனத்தை விலைதான் சொல்லும். 5,000 டொலருக்கு மேலை போனால் 10 வருசம் வரை மறியல். கீழை எண்டால் கூடினது 2 வருசம். முதல்தரம் பிடிபட்ட சில்லறைக் கள்ளரைக் கனதரம் தீர்ப்பு வரை இழுக்காமல், சமூக சேவை செய்வித்து அனுப்பிவிடுவினம். முந்தி 1,000 டொலராய் இருந்த கோட்டை 1990களின்ரை நடுவிலை 5,000 ஆக்கினவை. அதுக்குப் பிறகு எல்லா விலையும் ஏறிப்போச்சு, கோடு மட்டும் ஏறேல்லை.

அமெரிக்காவிலை பெருங்குற்றம், சிறுகுற்றம் எண்டு ரெண்டு. கோடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கலிபோர்னியாவிலை 950 டொலர், ரெக்சாசிலை 2,500. 1,000 டொலர் ரிவியைத் தூக்கினவன் கலிபோர்னியாவிலை பெருங்கள்ளனாகலாம், இஞ்சை கனடாவிலை சின்னக் கள்ளன்தான்.

எங்கடை இலங்கைச் சட்டத்தின்ரை கணக்கு வேறை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலை சாதாரண களவுக்கு 367ஆம் பிரிவு, 3 வருசம் வரை. மாட்டுக் களவுக்கு எண்டே 368ஆம் பிரிவு இருக்கு. எழுதினவன் வெள்ளைக்காரன் எண்டாலும் மாடு வளர்க்கிறவன்ரை வயித்தெரிச்சல் அவனுக்கு விளங்கியிருக்கு. எங்கடை மனேச்சரட்டை உன்ரை நாம்பனைக் குடுத்தால், குறி சுட்ட இடத்திலை பார்கோட் தேடுவார்.

மருமகன் இஞ்சை படிக்க வரப்போறான் எண்டபடியால் ஒரு விசயம். 5,000க்கு மேற்பட்ட களவிலை குற்றவாளி எண்டு தீர்ப்பு வந்தால், நிரந்தர வதிவிடம் உள்ளவனையே நாடு கடத்தலாம். மாணவ விசாக்காரனுக்கு அந்த 5,000 கோட்டின்ரை பாதுகாப்பும் இல்லை. சின்னக் களவுத் தீர்ப்பே அவனைப் பிளேன் ஏத்தப் போதும். நாங்களே பில் அடிக்கிற மெசினிலை மாதுளம்பழத்தை வைச்சு வெங்காயம் எண்டு அமத்திறதை எங்கடை ஆக்கள் சிலர் கெட்டித்தனம் எண்டு கதைக்கினம். சட்டத்துக்கு அதுவும் குற்றம்தான்.

அவனிட்டைச் சொல்லிவிடு: மாதுளம்பழம் விலை எண்டால் வெங்காயத்தையே வாங்கி உரிக்கட்டும். கண்ணீர் வந்தால் ஊர் ஞாபகம் எண்டு சமாளிக்கலாம்.

இப்படிக்கு,
உன்ரை அன்பு மச்சான்