பழைய காருக்குப் பக்கத்தில் நனைவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலை. பத்துமலை அடிவாரத்திலிருந்து பழைய கார்களின் ஊர்வலம் ஒன்று கிள்ளானுக்குக் கிளம்புகிறது. உங்கள் சைக்கிள் குழுவும் அதே நேரத்தில், அதே இடத்திலிருந்து, அதே கிள்ளானுக்குக் கிளம்பத் தீர்மானித்திருக்கிறது. மேற்கே வானம் கறுத்துக் கிடக்கிறது. புத்தியுள்ளவர்கள் இந்த நிலையில் வீட்டுக்குத் திரும்பிப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். மற்றவர்களுக்காக எழுதப்பட்டது இந்தக் கையேடு.

முதலில் மழை. "கேஎல்ல மழைன்னா சாயங்காலம் நாலு மணிக்குத்தான், காலையில பயமே இல்ல" என்று குழுவில் ஒருவர் சொல்வார். அவர்தான் குழுவிலேயே மூத்தவராகவும் இருப்பார். நம்பாதீர்கள். ஏப்ரல், மே தொடங்கி செப்டம்பர் வரை, விடிவதற்கு முன்பே சுமத்ரா பக்கம் திரளும் புயல்மேகங்கள் வரிசைகட்டி நீரிணையைத் தாண்டி வருவது உண்டு. அவை கிள்ளானை நனைத்த பிறகுதான் பத்துமலையைப் பார்க்கும். ஆகவே காலை ஆறு மணிக்குக் கிள்ளானில் இருக்கும் அத்தைக்குப் போன் போடுங்கள். "இங்க ஊத்து ஊத்துன்னு ஊத்துதுப்பா, நீ வராத" என்று அத்தை சொன்னால் மழை வருகிறது என்று பொருள். மழை இல்லாத நாளிலும் அத்தைகள் இதையேதான் சொல்வார்கள் என்பது இந்த முறையின் ஒரே குறை.

அடுத்து, எது பழைய கார் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. கறாரான ஆட்கள் 1919 முதல் 1930 வரை செய்த வண்டியைத்தான் விண்டேஜ் என்பார்கள். ஆனால் பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா கேட்கும் வயது முப்பதுதான். அந்தக் கணக்கில் 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா எப்போதோ பாரம்பரியச் சொத்தாகிவிட்டது. மாமா இருபது வருடமாக வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் அந்த வண்டியை இனி யாரும் இரும்புக்கடைக்குப் போடச் சொல்ல முடியாது.

காரின் சொந்தக்காரரிடம் பேசவும் ஒரு முறை இருக்கிறது. என்ன விலை என்று கேட்கக் கூடாது. "எங்க தாத்தாவும் இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தாரு" என்றும் சொல்லக் கூடாது, ஏனென்றால் வைத்திருக்க மாட்டார். அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கு தெளிவாக இருந்தது: தொரைக்குக் கார், கிராணிக்கு ராலே சைக்கிள், பால்மரம் வெட்டுகிறவருக்கு இரண்டு கால். இன்று தொரையின் மோரிஸை நம் ஆள் ஒருவர் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். கிராணியின் சைக்கிளை வேறொருவர் பல்லாயிரம் வெள்ளிக்குக் கார்பன் ஃபைபரில் வாங்கியிருக்கிறார். யார் மேலே, யார் கீழே என்ற பழைய வழக்கு இன்னும் தீரவில்லை. அதைத் தீர்த்து வைக்கத்தான் மழை வருகிறது.

கிளம்பும்வரை குரங்குகளிடம் கவனம். அவற்றுக்கு உங்கள் சட்டையின் பின்பையில் இருக்கும் வாழைப்பழம் வேண்டும். கார்க்காரருடைய வைப்பரின் ரப்பர் வேண்டும். இதில் நீங்கள் நடுநிலை வகிப்பது நல்லது.

வரிசையில் எங்கே நிற்பது? பழைய காருக்குப் பின்னால் போனால் காற்று மறைக்கும், மிதிப்பது சுலபம். பதிலுக்கு அதன் புகையையும் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து மோரிஸ் மைனரில் திரும்பும் திசையைக் காட்ட, கதவை ஒட்டிய தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். மழையில் அது பாதி நீண்டு நின்றுவிட்டால், அவர் இடப்பக்கம் திரும்பப் போகிறாரா, சும்மா யோசித்துக்கொண்டிருக்கிறாரா என்று உங்களால் சொல்ல முடியாது.

காருக்கு முன்னால் போவது இன்னும் மோசம். டிரம் பிரேக்கில் தண்ணீர் புகுந்தால் பிடிக்காது. உங்கள் சைக்கிள் ரிம்மும் நனைந்திருக்கும். பிரேக் கட்டை முதல் சில சுற்றுகளில் தண்ணீரை வழித்துவிட்டு அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கும். பழைய ராலேயின் குரோம் பூசிய இரும்பு ரிம்மாக இருந்தால் அதுவும் தொடங்காது. ஆக, முன்னால் போகிறவருக்கும் பிரேக் இல்லை, பின்னால் வருகிறவருக்கும் இல்லை. பத்துமலையில் கிளம்பும்போது சாமி கும்பிடுவது இதனால்தான். மழை தொடங்கிய முதல் பத்து நிமிடம் சாலையில் எண்ணெய் மிதக்கும். வெள்ளைக்கோட்டிலும் சாக்கடை மூடியிலும் ஏறாதீர்கள், ஏறிவிட்டால் திரும்பாதீர்கள்.

ஜாலான் ஈப்போ வழியாக நகருக்குள் இறங்குகிறீர்கள். தைப்பூசத்தையொட்டி வெள்ளிரதம் எதிர்த்திசையில் வரும் வழி இது. ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் இருக்கும் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர்தான். அதற்கு ரதம் ஓர் இரவு முழுவதையும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இந்தச் சாலையில் மெதுவாகப் போவதை யாரும் இழிவாக நினைக்க மாட்டார்கள். உங்களை ஒரு லோரி முந்தினால், முருகனையும் முந்தும் லோரிதான் அது என்று ஆறுதல் கொள்ளலாம்.

பிரிக்பீல்ட்ஸில் நிறுத்திப் பசியாறுங்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒன்று மட்டும்: நனைந்த சைக்கிள் கால்சட்டையோடு மெத்தை நாற்காலியில் உட்காராதீர்கள், பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும் கடையாகப் பார்த்து நுழையுங்கள்.

ஃபெடரல் நெடுஞ்சாலைதான் இந்தப் பயணத்தின் உயிர்நாடி. கார்கள் பெரிய சாலையில் போகும். பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டினால் உங்களுக்கு ஓரமாக மோட்டார் சைக்கிள் தடம் இருக்கிறது, எழுபதுகளில் போடத் தொடங்கியது. மழை பிடித்துக்கொண்டால் மேம்பாலத்தின் அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடி நிற்பார்கள். அந்தச் சபையில் உங்களுக்கும் இடம் உண்டு. மழைக்கோட்டு மாட்டிய உணவு டெலிவரி பையன், வேலைக்குப் போகும் வங்காளதேசத்துக்காரர், கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய சீலைக்கட்டு அக்கா, எல்லோரும் ஒரே திசையில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் அதே திசையில் பாருங்கள்.

இந்த நேரத்தில் பெரிய சாலையில் என்ன நடக்கிறது என்றால், கார்க்காரர்களின் பெருமை கரைந்துகொண்டிருக்கிறது. ஃபோர்டு ஆங்லியா 100இ மாதிரியான வண்டியில் வைப்பர் மின்சாரத்தில் ஓடாது, இன்ஜின் உறிஞ்சும் காற்றின் இழுப்பில் ஓடும். மேடு ஏறக் காலை அழுத்தினால் வைப்பர் படுத்துவிடும். இறக்கத்தில் காலை எடுத்தால் சாமியாடும். பார்வை மிகவும் தேவைப்படும் நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை இங்கிலாந்தில் யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

அதைவிடப் பாவம் மினி. 1959இல் வந்த அந்தக் காரில் இன்ஜினைக் குறுக்காக வைத்தார்கள்; அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கம்பிச்சட்டத்துக்கு நேர் பின்னால் வந்து நின்றது. எதிரே தெறிக்கும் தண்ணீரெல்லாம் அதன் முகத்தில்தான். நனைந்தால் பொறி வராது, வண்டி இருமும், பிறகு ஓரமாக நிற்கும். இதற்கான வைத்தியம் வோர்க்‌ஷாப்பில் இல்லை, சமையல்கட்டில் இருக்கிறது: ஒரு ரப்பர் கையுறை. பிளக்குகளுக்கு நான்கு வயர், காயிலுக்கு ஒன்று, ஆக ஐந்து. கையுறைக்கும் ஐந்து விரல். விரல்நுனிகளை வெட்டி, வயருக்கு ஒரு விரல் வீதம் நுழைத்து, உள்ளங்கைப் பகுதியை டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் இழுத்து மாட்டினால் தீர்ந்தது. மினி வைத்திருந்தவர்கள் அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்த வழி இது.

சைக்கிள்காரர்களுக்கு இதில் என்ன வேலை? கழன்ற செயினை மாட்ட நீங்கள் எப்படியும் பையில் கையுறை வைத்திருப்பீர்கள். உலகத்துக்கே ரப்பர் கையுறை செய்து அனுப்பும் நாட்டில், பால்மரம் வெட்டியவரின் பேரன் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று, தொரைமார் காரின் தலையில் அதை மாட்டிவிடுகிறார். இந்த ஒரு நிமிடத்துக்காகவே நனையலாம் என்பது என் கட்சி. மாட்டும்போது ரொம்பவும் புன்னகைக்காதீர்கள்.

கையுறைக்கும் மசியாத கார் என்றால் தள்ளத்தான் வேண்டும். "தம்பி, கொஞ்சம் தள்ளி விடுறீங்களா லா" என்று கண்ணாடி இறங்கும். ஏற்கெனவே நனைந்தவர்தான் தள்ள வேண்டும் என்பது எழுதாத சட்டம். சைக்கிளை ஓரமாகச் சாத்துங்கள். சாவியைத் திருப்பி, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பம்பரைப் பிடிக்காதீர்கள், கையோடு வந்துவிடலாம். நடைவேகத்தைத் தாண்டியதும் "விடுங்க அங்கிள்!" என்று கத்துங்கள். கிளட்சை விட்டதும் வண்டி உதறிக்கொண்டு கிளம்பும். அவர் நிறுத்தி நன்றி சொல்ல மாட்டார். நிறுத்தினால் மறுபடியும் தள்ள வேண்டியிருக்கும் என்பதால் அதுவே நன்றி.

இப்படி நின்று போவதைக் குறைவாக நினைக்க வேண்டாம். இந்த மாதிரி ஊர்வலங்களுக்கெல்லாம் மூத்தது, 1896 நவம்பர் 14இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் போனது. கிளம்பியவை 33, போய்ச் சேர்ந்தவை 17. அதைக் கொண்டாடத்தான் 1905க்கு முந்தைய கார்கள் இன்றும் நவம்பர் முதல் ஞாயிறன்று அதே வழியில் நடுங்கிக்கொண்டே போகின்றன.

உங்களுக்கும் சோதனை வரும். ஈரத்தில் கண்ணாடித் துண்டு ரப்பரில் வழுக்கிக்கொண்டு ஏறும் என்பதால் மழைநாளில் பஞ்சர் அதிகம். டியூப் தீர்ந்துவிட்டால் ரிம்மிலேயே ஓட்டலாமா என்று ஒருவர் கேட்பார். இந்த நாட்டில் அதற்கு முன்னுதாரணம் உண்டு. 1941 டிசம்பரில் வடக்கே இறங்கிய ஜப்பானியப் படை சைக்கிளில்தான் தெற்கே வந்தது. உடைத்த பாலங்களில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள், டயர் போனால் வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். இரவில் அந்த ஓசையைக் கேட்டு டாங்கிகள் வருகின்றன என்று எதிரே நின்றவர்கள் மிரண்டதாக அந்தப் படையின் கர்னல் சுஜி எழுதிவைத்திருக்கிறார். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. அதன் பின்னால் வந்த சயாம் மரண ரயில் பாதையைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு வராது. டியூப் இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

பத்து தீகாவை நெருங்கும்போது மட்டும் கார்களிடமிருந்து தள்ளியே இருங்கள். 1968 முதல் அங்கே பந்தயத் திடல் இருந்தது, 2003இல் இடித்துவிட்டார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஓட்டுநர்களுக்கு அந்த இடத்தில் கால் தானாக அழுந்தும்.

கிள்ளானில் ஆற்றைக் கடக்கும் இடத்தில் உங்களுக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது. ஐம்பதுகளின் கடைசியில் கட்டத் தொடங்கிய கோத்தா பாலம் இரண்டு அடுக்கு: மேலே மோட்டார் வண்டிகளுக்கு, கீழே நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும். கட்டியபோது இதிலும் அந்தப் பழைய வரிசைதான், காருக்கு மேல்தளம், நமக்குக் கீழ்த்தளம். மேல்தளத்தில் இப்போது வண்டிகள் ஓடுவதில்லை. கார்கள் பக்கத்துப் புதுப்பாலத்தில் கொட்டும் மழையில் ஊர்ந்து போகும். நீங்கள் அவர்களுடைய பழைய சாலையைத் தலைக்கு மேல் கூரையாக வைத்துக்கொண்டு கீழே போவீர்கள். பாதித் தூரத்தில் நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புதுப்பாலத்தைப் பார்த்துக் கையசைக்க வேண்டும். அவசரப்பட வேண்டாம். ஆங்லியா வரும்வரை காத்திருங்கள்.

ஜாலான் தெங்கு கெலானாவில் வாழை இலைச் சாப்பாடு. கார்க்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கார்புரேட்டர் கதை ரசம்வரை நீளும் என்பதைக் கணக்கில் வைத்து இடம் தேர்ந்தெடுங்கள். ஆனால் அவரை விட்டுவிடவும் கூடாது. சாயங்காலம் நான்கு மணிக்கு மறுபடியும் மழை வரும். அவருடைய வண்டி அதற்குள் படுத்திருக்கும், இழுவை லோரி ஒன்று வந்து நிற்கும். மோரிஸின் பின்னிருக்கையில் முன்சக்கரம் கழற்றிய சைக்கிள் ஒன்று தாராளமாக அடங்கும். லோரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். "அங்கிள், பத்துமலைப் பக்கம்தானே?" என்று கேளுங்கள். காலையில் தள்ளிய ஆள் நீங்கள்தான் என்று நினைவுபடுத்த வேண்டியிருக்காது. பின்கண்ணாடியில் அவர் உங்களை நன்றாகவே பார்த்திருப்பார்.