பெட்டி தெரியக் கூடாது

2003 மே 1 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், எந்த சினிமாக் கதாநாயகனும் பொறாமைப்படும்படி ஓர் அறிமுகக் காட்சி கொடுத்தார். பசிபிக் கடலில் ‘ஆபிரகாம் லிங்கன்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல். அதன் மேல்தளத்தில் ஒரு கடற்படை விமானம் சரேலென்று வந்து இறங்கியது. உள்ளிருந்து விமானி உடையில், அக்குளில் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு, மிடுக்கு நடையோடு தலைவர் வெளிப்பட்டார். சண்டைக்குப் போய்த் திரும்பியவர் போல இருந்தது. வந்ததோ கலிபோர்னியாவிலிருந்து.

கப்பல் வெகுதூரத்தில் இருப்பதால்தான் விமானம் என்றது வெள்ளை மாளிகை. பிறகு, ஹெலிகாப்டர் எட்டும் தூரம்தான் என்று ஒப்புக்கொண்டது. ஹெலிகாப்டரில் போனால் அந்த உடுப்பை எப்படி மாட்டுவதாம்?

ஏற்பாட்டை முன்நின்று செய்தவர், தொலைக்காட்சித் தயாரிப்பாளராக இருந்து வெள்ளை மாளிகைக்கு வேலைக்கு வந்தவர். சில நாள் முன்னதாகவே கப்பலுக்குப் போய்விட்டார். மாலுமிகளைச் சட்டை நிறம் பார்த்து நிறுத்தினார்கள். அந்தி வெயில் முகத்தில் பொன்னாக விழும் நேரம் பார்த்து ஈராக் போர் பற்றிய பேச்சை வைத்தார்கள். பின்னால் ‘பணி முடிந்தது’ என்று ஒரு பேனர், தலைவரும் எழுத்தும் ஒரே படத்தில் சிக்குகிற மாதிரி. பேனர் பிற்பாடு கசக்கத் தொடங்கியதும், அது மாலுமிகளின் யோசனை என்று புஷ் கைகழுவினார். செய்து கொடுத்தது வெள்ளை மாளிகைதான் என்பது அப்புறம் வெளியே வந்தது.

அன்றுவரை ஈராக்கில் செத்த அமெரிக்கச் சிப்பாய்கள் சுமார் 140 பேர். பணி ‘முடிந்த’ பிறகு செத்தவர்கள் 4,000 பேருக்கும் மேல். ஈராக்கியர்கள் லட்சத்துக்கும் மேல். அவர்களை எந்த பேனரிலும் எழுதவில்லை.

அந்த நவம்பரில் பாக்தாத் விமான நிலையத்தில் சிப்பாய்களோடு விருந்து. பொன்னிறமாக வறுத்த முழு வான்கோழி, சுற்றிலும் பழங்கள் அடுக்கிய தட்டு, அதை ஏந்திச் சிரிக்கும் அதிபர். படம் உலகம் பூராவும் போனது. நிஜக் கோழிதான், சந்தேகம் வேண்டாம். ஆனால் அது பார்வைக்கு வைத்தது. சிப்பாய்கள் சாப்பிட்டது வரிசையில் நின்று, வேறு பாத்திரத்திலிருந்து. இதற்கெல்லாம் வரலாற்று ஆவணம் என்று பெயர்.

இவ்வளவு கேமராப் பித்துப் பிடித்த அரசுக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் கேமரா ஆகாது. டெலவேர் மாநிலத்தின் டோவர் விமானப்படைத் தளம். செத்த சிப்பாய்கள் கொடி போர்த்திய பெட்டிகளில் வந்து இறங்கும் இடம்.

இந்தக் கூச்சம் அப்பா சம்பாதித்து வைத்த சொத்து. 1989 டிசம்பரில் பனாமா மீது படையெடுத்த சில நாட்களில், அப்போது அதிபராக இருந்த பெரிய புஷ் நிருபர்களோடு தமாஷ் பேசிக்கொண்டிருந்தார். அதே நேரம் டோவரில் பெட்டிகள் இறங்கின. தொலைக்காட்சிக்காரர்கள் திரையை இரண்டாகப் பிரித்து இரண்டையும் காட்டிவிட்டார்கள். ஒரு பாதியில் சிரிப்பு, மறுபாதியில் சவப்பெட்டி. மானம் கப்பலேறியது. 1991 பிப்ரவரியில், வளைகுடாப் போரின்போது, டோவரில் படம் எடுக்கத் தடை வந்தது. சிரிப்பையல்லவா தடை செய்திருக்க வேண்டும்? பெட்டியைத் தடை செய்தார்கள்.

குடும்பத்தாரின் துக்கத்துக்கு மரியாதை என்று காரணம் சொன்னார்கள். பிள்ளையைப் போருக்கு அனுப்பும்போது இல்லாத மரியாதை, பெட்டி திரும்பும்போது பொத்துக்கொண்டு வந்தது. 2004-இல் குவைத்தில், சரக்கு விமானத்துக்குள் வரிசையாக வைத்திருந்த பெட்டிகளைப் படமெடுத்த ஓர் ஊழியருக்கு வேலை போனது. வழக்குப் போட்ட பிறகு, 2005-இல் ராணுவமே எடுத்து வைத்திருந்த சில நூறு படங்களை வேண்டாவெறுப்பாக வெளியிட்டார்கள். பார்த்தால், பெட்டி சுமந்த சிப்பாய்கள் பலரின் முகத்தில் கறுப்புக் கட்டம். அடையாளம் தெரியக் கூடாதாம். அனுப்பி வைத்தவர்களின் முகத்துக்கு மட்டும் அந்தி வெயில்.

தடை 2009-இல்தான் தளர்ந்தது, குடும்பம் சம்மதித்தால் எடுக்கலாம் என்று. அதற்குள் மகன் புஷ் பதவி முடிந்து வீட்டுக்குப் போயிருந்தார். போனவர் தூரிகை எடுத்தார். போரில் காயம்பட்டு உயிரோடு திரும்பிய சிப்பாய்களின் முகங்களை அவர் வரைந்த புத்தகம் 2017-இல் வெளிவந்து நன்றாக விற்றது.