கரோல் பாக் குத்துவிளக்கின் வயது: இரு பாட்டிக் கோட்பாடு

ஒரு வீட்டுக் குத்துவிளக்குக்கு எத்தனை வயது என்பது, கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது. இதுவே இவ்வாய்வின் கருதுகோள். தில்லி கரோல் பாக்கைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏற்றி வந்த வெண்கலப் பானையும் ஈயச் சொம்பும் பித்தளை அண்டாவும் இங்கே பரண்களில் கிடக்கின்றன. அவற்றை மதிப்பிடுவோரும் நடை தூரத்திலேயே இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிபிசி 1979 முதல் நடத்திவரும் ஆன்டிக்ஸ் ரோட்ஷோவில் ஊர்க்காரர்கள் பீங்கான் ஜாடியோடு வரிசையில் நிற்பார்கள். நிபுணர் அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டு வயதையும் விலையையும் சேர்த்தே சொல்லிவிடுவார். கரோல் பாக்கில் அந்த இரண்டையும் ஒரே வாயிலிருந்து பெற முடியாது.

முதல் சான்று பேங்க் ஸ்ட்ரீட். பாட்டியின் கெம்பு அட்டிகையை நகைக்கடையில் நீட்டினால் கடைக்காரர் கல்லைக் கழிப்பார், பொடியைக் கழிப்பார், மிச்சத்தை உரைகல்லில் உரசுவார் அல்லது காரட் மீட்டருக்குள் வைப்பார். அந்தக் கருவி எக்ஸ் கதிரைப் பாய்ச்சித் தங்கம் எத்தனை சதவீதம் என்று சொல்லும். பாட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அட்டிகை உருக்கத்தான் போகிறது. அதே கடையின் கண்ணாடிப் பெட்டியிலோ, சென்ற மாதம் செய்து, பளபளப்பை வேண்டுமென்றே மங்கவைத்து, இடுக்குகளில் கருமை ஏற்றிய ஹாரம் ‘ஆன்டிக்’ என்ற சீட்டோடு, கூடுதல் செய்கூலியில் தொங்குகிறது. வாங்கும்போது வயதுக்குக் காசில்லை, விற்கும்போது உண்டு. ஆக வயது என்பது பொருளின் குணமன்று. கல்லாப்பெட்டிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதன் குணம்.

இரண்டாவது சான்று இன்னும் கனமானது. தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு, 1976 ஏப்ரல் 5 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகலாம். மதிப்புடைய கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்தே போதும். தொல்பொருளை மத்திய அரசோ அதன் அனுமதி பெற்ற அமைப்போ தவிர வேறு எவரும் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. பாட்டி ஒருவருக்குச் சுமார் ஐம்பது ஆண்டு எனக் கொண்டால், இரண்டு பாட்டிகள் சேரும் இடத்தில் சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. ‘எங்க பாட்டி கொடுத்தது’ என்பது குற்றமற்ற வாக்கியம். ‘எங்க பாட்டிக்கு அவ பாட்டி கொடுத்தது’ என்பதை விமான நிலையத்தில் சொல்லாதிருப்பது நலம். மருமகளிடம் இருநூறு வயது என்று ஒப்படைக்கப்பட்ட விளக்கு, பேரனுடைய நியூ ஜெர்சிப் பெட்டிக்குள் ஏறும்போது எண்பதுக்கு இறங்கிவிடுகிறது. சந்தேகம் வந்தால் இந்தியத் தொல்லியல் துறையின் நிபுணர் குழு பார்த்து ‘இது தொல்பொருள் அன்று’ என்று சான்றிதழ் தரும். ரோட்ஷோ வரிசையில் நிற்பவர் ‘பழையது’ என்ற சொல்லுக்காக ஏங்குகிறார். நம்மவர் அந்தச் சொல் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறார்.

வயது என்பது உண்மை நிலவரம், அதை அறிவியல் கண்டுபிடித்துவிடாதா என்று ஆட்சேபிக்கலாம். கரிமக் காலக்கணிப்புக்கு ஒருகாலத்தில் உயிரோடிருந்த ஏதாவது வேண்டும். பித்தளை எந்நாளும் உயிரோடிருந்ததில்லை. வார்ப்பையும் வடிவையும் பார்த்துச் சொல்லலாம் என்றால், நாச்சியார்கோவிலில் காவிரி வண்டல் மண் அச்சில் இன்றும் அதே அன்னத்தோடு அதே விளக்கு வார்க்கப்படுகிறது. இதில் நிபுணர் தடுமாறினால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கல்வெட்டுச் சான்று உண்டே என்பது அடுத்த ஆட்சேபம். பாத்திரக் கடையில் புள்ளிப் புள்ளியாக உளியால் வெட்டிய ‘மீ.சு. 4-6-58’ போன்ற வாசகங்கள் எந்தச் சோழர் சாசனத்துக்கும் சளைத்தவை அல்ல. மெய்க்கீர்த்தி இல்லையே தவிர, கொடை கொடுத்தவரும் நாளும் தெளிவு. ஆனால் இந்த ஆவணம் குடும்பத்தின் வாய்மொழி மரபை உடனே பொய்யாக்கிவிடுகிறது. முப்பாட்டி சீராகச் சொல்லப்பட்ட அண்டா, நேரு காலத்துக் கல்யாணத்தில் வந்து நின்றுவிடும். புளியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்ப்பதற்குச் சுத்தம் மட்டுமே காரணமா என்பது தனி ஆய்வுக்குரியது. முதலில் கரைவது ஆண்டுதான், இனிஷியல் நின்றுவிடும்.

எந்த வயதையும் ஏற்காத ஒருவர் உண்டல்லவா, தெருவில் கூவிப் போகும் கபாடிவாலா, அவரே நடுநிலை மதிப்பீட்டாளர் ஆகாரா என்பது கடைசிக் கேள்வி. தராசில் ஏற்றுகிறார், கிலோவுக்கு இத்தனை என்கிறார், பாட்டி காலத்துப் பித்தளை என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அதே விலையைக் கூறுகிறார். நேர்மைதான். எனினும் அந்த அண்டா சுந்தர் நகர்ப் பழம்பொருள் கடையின் அலமாரியை எட்டுமானால் மறுபடி வயதேறும். உரிமமில்லாமல் தொல்பொருள் விற்கக் கூடாதாகையால், வாடிக்கையாளர் காதுக்கு ஒரு வயதும் ரசீதுக்கு இன்னொரு வயதுமாக ஏறும். இதே கரோல் பாக்கில் திப்பியா கல்லூரி இருக்கிறது. 1921 பிப்ரவரி 13 அன்று காந்தி திறந்துவைத்தது; நூறு தாண்டிவிட்டது. கட்டடத்திலிருந்து கழற்றிய பொருளும் தொல்பொருளே என்கிறது மேற்படிச் சட்டம். அந்நாளைய கதவு ஏதேனும் அங்கே மிஞ்சியிருந்தால், கீலில் ஆடும்வரை அதற்கு இந்த வரையறை பொருந்தாது. கழற்றிச் சுவரில் சாய்த்தால் பொருந்தும். வயது என்னவோ இரண்டு நிலையிலும் ஒன்றுதான்.