தமிழைக் காத்த தவளை

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த பாண்டியர்கள் கொடுத்து வைத்தவர்கள். மோடம் வழியாக ஒரு வரி அனுப்ப வேண்டிய தலைவிதி அவர்களுக்கு இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் செமினியிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்துக்கு முருகன் கோவில் திருவிழா நோட்டீஸை டெலிபோன் கம்பியில் அனுப்பியவர்களைக் கேளுங்கள்.

தட்டச்சு செய்வதில் சிக்கலில்லை. முத்து நெடுமாறன் 1985லேயே ‘முரசு’ மென்பொருளால் முரசு கொட்டிவிட்டார். அனுப்புவதில்தான் வம்பு. திஸ்கி குறியீட்டில் ஆங்கிலம் கீழ்வீட்டில் சுகமாக இருக்க, தமிழுக்குக் கிடைத்தது மேல்மாடி. அங்கே ஏற எட்டாவது பிட் வேண்டும். மோடத்தை ஓட்டும் மென்பொருள் செமினியில் டெலிக்ஸ், எட்டு பிட். அச்சகத்தில் புரோகாம், ஏழு பிட். வெறும் உரையாக அனுப்பினால் எட்டாவது பிட் உதிர்ந்து, ‘அ’ கூட்டல் குறியாகும், ‘ஆ’ கமாவாகும், ‘க’ எட்டாகும். அன்னதான அறிவிப்பு கணக்குப் பாடமாகப் போய்ச் சேரும்.

சரி, எக்ஸ்மோடம். 1977இல் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதியது. ஃபைலை 128 பைட் கட்டுகளாக அனுப்பும். ஒவ்வொரு கட்டின் தலையிலும் வரிசை எண், பக்கத்திலேயே அதன் தலைகீழ் எண். முதல் கட்டுக்கு 1, 254. ஏழு பிட் கம்பியில் 254 தேய்ந்து 126 ஆகிவிடும். ‘மறுபடி அனுப்பு’ என்பான் அந்தப் பக்கத்தான். மறுபடியும் 126.

செட்டிங்கைக் கேட்கலாமென்றால் ஒரே லைன். மோடத்தை வெட்டிவிட்டு போன் போட்டால், அச்சகத்து மோடமே எடுத்துக் காதில் கீச்சிடும். ஆள் எடுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை.

“அண்ணே, உங்க பக்கம் எட்டா, ஏழா?”

“எட்டரைக்குத்தான் கடை தொறப்போம், தம்பி.”

கைகொடுத்தது ஒரு தவளை. 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ட குரூஸும் பில் கேட்சிங்ஸும் செய்த நெறிமுறைக்கு, சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்த பொம்மைத் தவளையின் பெயரையே வைத்தார்கள்: கெர்மிட். நம்ம நகைக்கடைக் காலண்டர் தொங்கியிருந்தால் லட்சுமி என்றிருக்கும். கம்பி ஏழு பிட் என்று சொல்லிவிட்டால் போதும், ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் முன்னால் ஒரு & போட்டு அனுப்பும்; மறுமுனை அதைப் பிடுங்கிவிட்டு, தொலைந்த பிட்டை மாட்டிவிடும். ஃபைல் ஏறக்குறைய இரட்டிப்பாகும், நேரமும்தான். ஆனால் அன்னதானம் அன்னதானமாகவே போய்ச் சேரும்.

அடுத்த வருஷம் அச்சகமும் எட்டு பிட்டுக்கு மாறியது, எக்ஸ்மோடம் ஓடியது. கடைசிக் கட்டில் மிஞ்சும் இடத்தை அது கன்ட்ரோல்-இசட்டால் நிரப்பும். டாஸ் திரையில் அது வலப்பக்கம் பாயும் அம்பு. நோட்டீஸின் அடியில் வரிசையாக அம்புகள். கோவில் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “வேலெல்லாம் நல்லா வந்திருக்கு” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.