இறப்பர்ச் செருப்புக்கு ஒரு பாராட்டு மடல்

நிலாவெளிக் கரையில் ஒருநாள் ஸ்நோர்க்கலிங் உலா நடத்தும், பெயர் சொல்லாமலே புகழ் விளங்கும் நிறுவனத்தாரின் மேலான கவனத்துக்கு:

புறாத்தீவு திருகோணமலை மாவட்டத்தில், நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. ஊரார் புறாமலை என்பார்கள். பெரிதும் சிறிதுமாக இரண்டு தீவுகள். பெரியதைச் சுற்றி முருகைக்கற்பார். ஆங்கிலேயர் காலத்தில் இது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடமாக இருந்தது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. சுட்டது போதும், இனிக் காப்போம் என்று அரசு முடிவெடுத்தபோது, காக்கும் பொறுப்பில் நிறுவனத்தாரும் பங்கேற்பார்கள் என்று யாரும் கனவு கண்டிருக்க முடியாது.

உலாவுக்கு ஏற்ற காலம் மே முதல் செப்டெம்பர் வரை. வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் கடல் குழம்பிவிடும். நுழைவுச்சீட்டில் வெளிநாட்டவருக்குப் பல மடங்கு கட்டணம், அதன்மேல் சேவைக் கட்டணம், வரி, பிறகு படகுக்கூலி, மாஸ்க் வாடகை. கூட்டிப் பார்ப்பது நாகரிகமல்ல. மாஸ்க்கின் விளிம்பு முகத்தோடு ஒட்டினால்தான் நீர் புகாது. நிறுவனத்தாரின் மாஸ்க்குகளிடம் பாரபட்சம் கிடையாது. எந்த முகத்திலும் ஒட்டுவதில்லை. பாதுகாப்பு விளக்கம் படகின் இயந்திரம் முழங்கும்போது வழங்கப்படுகிறது.

முருகைக்கல்லின் மேற்புறம் முழுவதும் உயிர். கடற்சாமந்திக்கு உறவான சிறு பிராணிகள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து தமக்கு வீடு கட்டுகின்றன. அவற்றின் உடலில் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு உணவு சமைத்து வாடகையாகத் தருகின்றன. முருகையின் நிறத்திலும் பெரும்பங்கு அவற்றுடையதே. நீர் வழக்கத்தைவிட ஒரு பாகை சூடேறிச் சில வாரம் நீடித்தால் பாசி வெளியேறும், முருகை வெளிறும். 1998இல் இலங்கையின் பெரும்பாலான பார்கள் அப்படி வெளிறியபோது திருகோணமலைப் பக்கம் தப்பியது. உருண்டை முருகை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். கிளை முருகை அதைவிட வேகம், ஆனால் கால் பட்டால் முறியும். 1998இன் சூட்டுக்குத் தப்பிய இந்தப் பார், நிறுவனத்தாரின் வழிகாட்டி அணியும் நீல இறப்பர்ச் செருப்புக்குத் தப்பவில்லை.

செருப்பு இடுப்பளவு நீரில் காணப்படும் இனம். எப்போதும் சோடியாகவே வாழும். காலை வேளையில் அதிகம் தென்படும். கிளை முருகையின் உச்சியை விரும்பி அமர்கிறது. அது அமர்ந்த இடத்தில் எஞ்சும் துண்டுகள் அலையில் உருண்டுகொண்டே இருப்பதால் புதிய முருகை அங்கே வேரூன்றுவது கடினம். இங்கு அடிக்கடி காணப்படும் கருமுனைச் சுறா கூச்ச சுபாவமுள்ளது. ஆள் நெருங்கினால் விலகிப் போகும். செருப்புக்கு அந்தக் கூச்சம் இல்லை. உலாவினருக்காக மீன்களுக்குப் பாண் துண்டு வீசும் நேரங்களிலும் அது அருகில் இருக்கும். பாசியை மேய்ந்து முருகையைக் காக்க வேண்டிய மீன்கள் பாணுக்குப் பழகுவது செருப்பின் நட்பு வட்டத்தை விரிவாக்குகிறது.

கடந்த சனிக்கிழமை, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர் முகம் கவிழ்த்து மிதந்துகொண்டிருந்தபோது விசில் ஊதப்பட்டது. “அன்ரி, கல்லில கால் வைக்காதேங்கோ! கரையில போய் இருங்கோ!” என்றார் வழிகாட்டி, கிளை முருகையின் மேல் நின்றபடி. ஆசிரியையின் கால் எதிலும் படவில்லை. படகுக்காரர் கையைப் பிடித்து அழைத்துவர, சிலர் அலைபேசியில் படம் பிடிக்க, அவர் மணலில் அமர்த்தப்பட்டார். கட்டணம் திரும்பவில்லை. “பாட்டிக்குப் பூங்காவை மதிக்கச் சொல்லிக் குடுங்கோ” என்று உடன் வந்த பேரனுக்கு அறிவுரை மட்டும் கிடைத்தது.

வழிகாட்டி ஏன் நிற்கிறார் என்பதும் பதியத்தக்கது. ஒரு படகு இறங்கியதும் அடுத்த படகு. எல்லாக் குழுவுக்கும் அவர் ஒருவரே. இளைப்பாற நீரில் பிடிமானம் எதுவும் இல்லை. களைத்த மனிதன் கால் எட்டும் இடத்தில் நிற்கிறான். ஒரு மிதவை வாங்கிப் போடாத கஞ்சத்தனத்தை ஓர் ஏழைத் தொழிலாளியின் காலில் மாட்டி, ஆயிரக்கணக்கான உயிர்களை மிதிக்கவைத்து, அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் சூட்டிக் காசு வாங்குவது அயோக்கியத்தனம். இந்தச் சொல் மிகுந்த வெயிலின் விளைவு; நிறுவனத்தாரின் பெருந்தன்மை இதை மன்னிக்கும்.

வேண்டுகோள் மிகச் சிறியது. முருகை இல்லாத மணற்பகுதியில் நங்கூரமிட்டு, பாருக்கு அருகே ஒரு மிதவை கட்டலாம். லொறியின் பழைய ரியூப் ஒன்றே போதும். அதன் விலையைக் கட்ட ஆசிரியை ஆயத்தமாக இருக்கிறார். பற்றுச்சீட்டு கேட்டு நிறுவனத்தாரைச் சங்கடப்படுத்தும் எண்ணம் அவருக்கு இல்லை.