நாய் உள்ளேதான் இருந்தது

2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோனது. எங்கள் வீட்டு பென்டியம் 4-க்கு இது தெரியாது. பொத்தானை அமுக்கினால் வழக்கம்போல மாவு மில் மாதிரி இரைந்துகொண்டுதான் இருந்தது.

“எடைக்குப் போட்டுடலாங்க” என்றாள் மனைவி. தவணை கட்டி வாங்கிய பெட்டியை எடைக்குப் போட எந்த ஆண்மகனுக்கு மனசு வரும்? அக்கா மகனுக்கு போன் செய்தேன். “பப்பி லினக்ஸ் போட்டுப் பாருங்க மாமா, 512 எம்.பி. ராம் தாராளம்” என்றான்.

ஆஸ்திரேலியாவில் பாரி கவ்லர் என்பவர் 2003-ல் தொடங்கிய இயங்குதளச் சமாசாரம். அவர் வளர்த்த சிவாவா நாய்தான் அதன் சின்னம். நாய்க்கேற்ற உருவம்: அப்போதெல்லாம் 700 எம்.பி. சிடியில் பாதியைக்கூட நிரப்பாது. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் சிடியிலிருந்து நேராக ராமில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

முதல் சிடியில், இறக்கி வைத்த பப்பியின் ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே இழுத்துப்போட்டு எரித்தேன். எக்ஸ்பியே சாவகாசமாக வந்து நின்றது. “இமேஜா எரிக்கணும் மாமா. நீங்க மூட்டையைப் பிரிக்காமலே அரிசியை உலையில வச்சிருக்கீங்க.” இரண்டாவதை அவசரத்தில் 52 வேகத்தில் எரித்தேன். பப்பியின் கோப்புகளைத் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு அது தேடிக்கொண்டே இருந்தது.

மூன்றாவதை 8 வேகத்தில், பால் காய்ச்சுவது போலப் பக்கத்திலேயே நின்று எரித்தேன். பலன் இருந்தது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பச்சை எழுத்தில் ‘டன்’, ‘டன்’ என்று வந்துகொண்டே இருந்தது. கடைசி ‘டன்’னுக்குப் பிறகு திரை இருண்டது. அமாவாசை. அதில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் மூலைக்கு மூலை மிதந்துகொண்டிருந்தது.

அதே நேரம் ஒரு நாய் இரண்டு முறை குரைத்தது.

“கேட்டைச் சாத்தலையா? நாய் உள்ள வந்துடுச்சு பாருங்க!”

ஒட்டடைக் குச்சியோடு வீட்டைச் சுற்றி வந்தேன். நாய் இல்லை. திரும்பி வந்து மானிட்டர் கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். ராமை உருவி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினேன். (எந்தக் கோளாறுக்கும் ராமை ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்க் கைவைத்தியம்.) மறுபடி பூட் செய்தேன். பச்சை, பச்சை, இருட்டு, நாய். மறுபடி குச்சி.

மூன்றாம் முறை மனைவி வாசல்படியில் வந்து நின்றாள். “நீங்க அந்தப் பொட்டியைப் போடும்போதெல்லாம்ல குரைக்குது?”

போனில் அக்கா மகன் சிரித்து முடிக்கவே இரண்டு நிமிடம் ஆனது. டெஸ்க்டாப் முதன்முதலாக வந்ததும் பப்பி குரைக்குமாம். குரைத்திருக்கிறது என்றால் டெஸ்க்டாப் வந்தே விட்டது. என் பழைய 15 அங்குல மானிட்டருக்குத்தான் அதைக் காட்ட வகையில்லை. அதன் சக்திக்கு மீறிய அளவிலும் வேகத்திலும் படத்தை அனுப்பினால் அது என்ன செய்யும், பாவம்? “மானிட்டர்ல ஏதாவது எழுதியிருக்கா மாமா?” அப்போதுதான் மிதக்கும் பெட்டியைப் படித்தேன். ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்.’ அரைமணி நேரமாக அது இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் குச்சியோடு தோட்டத்தில் இருந்தேன்.

கண்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அமுக்கச் சொன்னான். கறுப்புத் திரையில் எழுத்துகள் வந்தன. அடுத்து என்ன தட்டச்சு செய்யவேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. ‘எக்ஸ்ஆர்க்விசார்ட்’ என்று அடித்து, எந்த கார்டுக்கும் பொருந்துகிற ‘வெசா’ டிரைவரையும் 800-க்கு 600 என்ற அளவையும் தேர்ந்தெடுத்தேன். பிறகு ‘எக்ஸ்வின்’. மளமளவென்று ஐகான்கள் வந்து உட்கார்ந்தன.

அன்று மாலை முழுக்க எனக்கு வித்தைக்காரன் வேலைதான். வருகிறவர் போகிறவருக்கெல்லாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே சிடியை வெளியே எடுத்துக் காட்டினேன். கீழ்வீட்டு வாத்தியார் இரண்டு முறை பார்த்தார்.

இரவு அணைக்கும்போது, செய்ததையெல்லாம் சேமிக்கட்டுமா என்று அது கேட்டது. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது என்பதுதானே நான் ஊருக்கெல்லாம் அடித்த பெருமை? வேண்டாம் என்று அமுக்கிவிட்டுத் தூங்கப்போனேன்.

காலையில் பச்சை, பச்சை, இருட்டு. பெட்டி மிதந்தது. சமையலறையிலிருந்து குரல் வந்தது:

“குரைச்சிடுச்சு. தெரியுதா?”